புது வண்டியின் முதல் கோடு

ஆடிக் கடைசியில் ஒரு காற்று அடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அடி அண்ணாமலையில் எங்கள் தெருமுனைப் புளியமரம் வேரோடு சாய்ந்து, கரண்டுக் கம்பியையும் இழுத்துக்கொண்டு, டீக்கடைக் கூரை மேல் போய்ப் படுத்ததே... அந்த மரத்தை அறுத்து எடுத்த மறுவாரம்தான் என் டெம்போ வண்டி நின்றது.

மரத்துக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எனக்குத் தேதி மனதில் நிற்காது. மரம் விழுந்தது, ஏரி நிரம்பியது, இன்னார் கல்யாணம், இன்னார் சாவு... இப்படித்தான் நிற்கும். வாராவாரம் இந்தப் பத்திரிகையில் என் பேச்சைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்கு இது புதிதில்லை.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிறவர்களுக்கு அதை அவித்து விற்பது என் தொழில். ஏரிக்கரை மேடு ஏறும்போது வண்டி ஒரு தும்மல் போட்டது. கறுப்பாய்ப் புகை. அப்புறம் ஒன்றுமில்லை. செல்ஃப் அடித்தால், கிழவன் ஒருவன் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு நிற்கிறேன். பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. வந்த சத்தமே இல்லை. வெள்ளை வெளேரென்று, கழுத்தில் மாலை போட்டுக்கொண்டு, புத்தம் புது பிக்கப். கண்ணாடி தானாகக் கீழே இறங்கியது. உள்ளே யார்?

என் சகலை ஏகாம்பரம்.

என் வீட்டுக்காரியின் தங்கை வசந்தாவைக் கட்டியவன். கீழ்பென்னாத்தூர்க்காரன். ஆடி போகட்டும், ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருந்து முந்தின நாள்தான் எடுத்திருக்கிறான். என்னிடம் மூச்சு விடவில்லை.

"இன்னாண்ணா, வண்டி பூட்ச்சா?"

"போகல. நிக்குது" என்றேன். "கயிறு இருக்குது ஏகாம்பரம். பின்னாடி கட்டி இழுத்துனு போயி பாஷா பாய் ஷெட்டுல வுட்டுடு."

அவன் இறங்கினான். என் கயிற்றைப் பார்த்தான். தன் பம்பரைப் பார்த்தான். மறுபடி கயிற்றைப் பார்த்தான்.

"அண்ணா... நேத்துதான் எடுத்தாந்தேன். கயிறு உராஞ்சா பம்பர்ல கோடு வுழும். இருங்க, ஒரு டிராக்டர அனுப்பறேன்."

அனுப்பினான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த டிராக்டரின் டிரெய்லரில் எரு ஏற்றியிருந்தது. அதன் பின்னால் கயிறு கட்டி, எருவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருவண்ணாமலை வரைக்கும் வந்தேன். பாதி வழியில் ஏகாம்பரம் எங்களைத் தாண்டிப் போனான். தாண்டும்போது மெதுவாக ஒரு ஹாரன். மரியாதைக்காம்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

என்னுடையதும் ஒரு காலத்தில் புதுசுதான். சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்த வருஷம் எடுத்தது. கட்டிலும் பீரோவும் ஏற்றி அவளைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டது இதில்தான். ஒரு தடவை சினைப் பசு ஒன்றை ஏற்றி வந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் வந்து போய் கேட் திறப்பதற்குள் பின்னால் கன்று போட்டுவிட்டது. கேட்டில் நின்றிருந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அந்தக் கன்றுக்கு டெம்போ என்று பெயர் வைத்தோம். டெம்போவின் பேத்தி இப்போதும் எங்கள் கொட்டகையில் பால் கறக்கிறது. நல்ல பால். கொஞ்சம் உதைக்கும்...

எங்கே விட்டேன்?

"வயித்தெரிச்சல்ல, மாமா" என்கிறாள் மருமகள் செல்வி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள்தான். எனக்கு எழுதவும் வராது, படிக்கவும் வராது. வயிற்றெரிச்சல் மட்டும் நன்றாக வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் கோபுரத்துக்கு எதிரில் வண்டிக்குப் பூஜை போட்டான். எங்கள் பக்கத்தில் புது வண்டி எடுத்தால் முதல் லோடு ஏற்றுவதற்கு முன்னால் மலையை ஒரு சுற்று சுற்றி வருவது வழக்கம். வீட்டுக்குப் பெரியவர் முன் சீட்டில் உட்கார வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நான்தான் பெரியவன். என்ன செய்ய? நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். பம்பரில் குடுமி மாதிரி ஒரு பெரிய திருஷ்டிக் கயிறு தொங்கியது. யாருடைய கண்ணுக்காக அதைக் கட்டினான்? எனக்குத் தெரியும்.

"சும்மா சும்மா பாத்துனே இருக்காதீங்க. உங்க கண்ணு பட்டுடப் போவுது" என்று காதில் சொன்னாள் என் வீட்டுக்காரி குப்பு. முப்பது பேர் பார்க்கிற இடத்தில் என் கண் மட்டும்தான் படுமா?

ஏறப் போனேன். ஏகாம்பரம் கையைப் பிடித்தான்.

"அண்ணா, செருப்ப மட்டும் வுட்டுடுங்க. பையில போட்டு பின்னாடி வச்சிக்கலாம்."

ஜனங்கள் வெறுங்காலோடு மலையைச் சுற்றி நடக்கிறார்கள். நான் வெறுங்காலோடு வண்டியில் உட்கார்ந்து சுற்றினேன். எனக்கு என்ன புண்ணியம் கிடைக்கும் என்று தெரியவில்லை.

உள்ளே ஒரு சத்தம் கிடையாது. சீட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை. ஒரு பட்டனைத் தொட்டால் கண்ணாடி ஏறுகிறது, தொட்டால் இறங்குகிறது. என் வண்டியில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி கழன்று போய், குறடு வைத்துத் திருப்புகிறேன். அவன் பார்க்காதபோது அந்தப் பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தேன். ஏறியது. இறங்கியது. ஏறியது... இப்படி ஒரு பட்டன் என் கையில் இல்லாமல் இத்தனை வருஷம் போய்விட்டதே என்று இருந்தது.

பாஷா பாயின் ஷெட் கிரிவலப் பாதையை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே என் வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு கொட்டாவி விட்டபடி நின்றது. அதைப் பார்த்ததும் ஏகாம்பரம் வேகத்தைக் குறைத்தான். மறுபடி ஒரு ஹாரன். நான் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டேன்.

மறுநாள் பாஷாவிடம் போனேன். வண்டி எடுத்த நாளிலிருந்து அவர்தான் இதற்கு மெக்கானிக்.

"சொல்லு பாய். ரிப்பேர் பண்றதா, கழிச்சிட்டுப் புதுசு எடுக்கறதா?"

"செய்யணும்னா செய்யலாம் நைனா. வேணாம்னா வேணாம்."

"இத நானே எனக்குச் சொல்லிக்க மாட்டேனா?"

"எஞ்சின எறக்கி வேலை செஞ்சா ஓடும். கீழ துருப் புடிச்சிருக்குது, தகடு வச்சி வெல்டிங் அடிக்கணும். பெயிண்ட் அடிக்கணும். அப்பதான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி.க்கு நிக்கும். எல்லாம் செஞ்சிட்டா இன்னும் பல வருஷம் வண்டி ஓடும்." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஓடணும் இல்ல?"

இது ஜோக்கா, யோசனையா?

எதுவானாலும் அடுத்த பௌர்ணமிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். என் தொழில் அப்படி. பௌர்ணமி அன்று ஜனம் சேர்ந்துவிட்டால் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். காலையிலேயே உள்ளே கொண்டுபோய் ஓரமாய்ப் போட்டுவிட வேண்டும். போட்டால் போட்டதுதான். மறுநாள் கூட்டம் வடிகிற வரைக்கும் அது வண்டி இல்லை, கடை. பின் கதவை இறக்கிவிட்டு, மேலே அடுப்பும் அண்டாவும் வைத்து, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் வியாபாரம் ஆரம்பம். வேப்பமரத்தடியில் ஓர் இடம், வருஷக்கணக்காய் என்னுடையது. எழுதி வைத்தது இல்லை. வண்டி நிற்பதுதான் பத்திரம். ஒரு பௌர்ணமி நிற்காவிட்டால் இளநீர்க்காரன் வந்துவிடுவான். அவன் கண் அதன் மேல் ரொம்ப நாளாக இருக்கிறது.

வீட்டில் வந்து சொன்னேன். "புதுசே எடுத்துடலாம்."

குப்பு முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உங்களுக்கு வண்டி வேணுமா, வசந்தா புருஷனுக்கு மேல ஒரு வண்டி வேணுமா?"

"ரெண்டும்தான்."

"அப்ப லாரிதான் வாங்கணும்."

செல்வியைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். டை கட்டிய தம்பி ஒருவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "என்ன லோடு சார் ஏத்துவீங்க?" என்று கேட்டார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "இதவிட ஒசரமா ஒண்ணு இருக்குதா?" இதவிட என்று நான் காட்டினது ஏகாம்பரம் எடுத்த அதே மாடல். செல்வி தலையில் கையை வைத்துக்கொண்டாள். அதை அவளே எழுத வேண்டாம் என்கிறாள். எழுது தாயே, நடந்ததுதானே.

உயரமாக ஒன்று இருந்தது. எடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். பழசுக்கு ஆள் பார்க்கச் சொல்லி பாஷாவிடமும் சொல்லிவிட்டேன்.

குப்பு போனில் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறாள். தங்கச்சி புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் நான் ஷெட்டில் இருக்கும்போது ஏகாம்பரம் வந்து நிற்கிறான். பஸ்ஸில் வந்திருக்கிறான்.

"வண்டி எங்கடா?"

"வீட்லதாண்ணா. மூடி வச்சிருக்கேன். ரோட்ல தூசி." கொஞ்ச நேரம் என் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தான். அப்புறம் சொன்னான்: "இத எனக்கே குடுத்துடுங்கண்ணா."

"உனக்கு எதுக்கு?"

"புதுசுல லோடு ஏத்த மனசு வரல. எரு ஏத்த முடியுமா? அண்டா ஏத்த முடியுமா? மூட்டையத் தூக்கிப் போட்டாக்கூட டபுக்குனு நெஞ்சு அடிச்சிக்குது. இத எடுத்து ரிப்பேர் பண்ணி லோடுக்கு வச்சிக்கறேன். அது வூட்டு விசேஷத்துக்கு, எங்கயாவது போவ வர..."

கேட்டீர்களா நியாயத்தை? புதுசும் அவனுக்கு. பழசும் அவனுக்கு. இருந்தாலும் தலையை ஆட்டினேன். விற்பது என்று ஆகிவிட்டது, யாரிடம் விற்றால் என்ன? சொந்தக்காரன் கையில் இருக்கட்டுமே. அப்படித்தான் நினைத்தேன்.

ஏகாம்பரம் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். கதவைச் சாத்தினான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் வண்டிக் கதவு லேசில் சாத்தாது. கீல் தொய்ந்திருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கி, அப்படியே உள்ளே இழுக்க வேண்டும். என் மகனுக்கு வராது. பாஷாவே இரண்டு தரம் அடிப்பார். ஏகாம்பரம் தூக்கினான், இழுத்தான். ஒரே தடவை. 'டப்'. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இத்தனை வருஷம் என் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறான்.

சாத்திக்கொண்டு, செம்புக் கம்பி போட்டு நான் கட்டி வைத்திருந்த, பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பினான்.

என்ன சொல்வேன்... அவனுடைய புது வண்டியைப் பார்த்து வந்தது எல்லாம் ஒரு எரிச்சலே இல்லை. அது நெஞ்சுக்குழியில் புளியேப்பம் மாதிரி வந்து போவது. இது அடிவயிற்றில் பிடித்தது. சொந்த வண்டிக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருக்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"எறங்கு" என்றேன்.

"இன்னாண்ணா?"

"எறங்குடா. விக்கல."

இறங்கினான். கதவைச் சாத்தினான். மறுபடியும் ஒரே தடவையில்.

"அண்ணிதான சொன்னாங்க, நீங்க புதுசு எடுக்கறீங்கன்னு?"

"எடுக்கல."

"எனக்குக் குடுக்க மனசு வரல. அப்படித்தான?"

"ஆமா. அப்படித்தான்."

அவன் முகம் சிவந்துவிட்டது. "ஒவ்வொரு பௌர்ணமிக்கும் உங்களத்தான் பாத்துனு இருப்பேன். பின் கதவ எறக்கி வுட்டு, கால ஆட்டினு, வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் பேசினு, ராஜா மாதிரி உக்காந்துனு இருப்பீங்க. அதப் பாத்துதான் நானும் வண்டி எடுத்தேன். எடுத்து இன்னா? அதுல ஒரு நாள் அப்படி உக்கார முடியல. பிளாஸ்டிக் கவர் மேல உக்காந்துனு இருக்கேன்."

சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்க ஆரம்பித்தான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவன் சொன்னது உள்ளே போவதற்கே எனக்கு நேரம் பிடித்தது. என் ஓட்டை வண்டியைப் பார்த்து ஒருத்தன் இத்தனை வருஷம் எரிந்துகொண்டிருந்திருக்கிறான். எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் காலை ஆட்டியிருப்பேன்.

"நைனா, சண்டை முடிஞ்சிச்சா?" என்றார் பாஷா. "எறக்கட்டுமா, வேணாமா?"

"எறக்கு."

எஞ்சினை இறக்கினார். தகடு வைத்தார். பெயிண்ட் அடித்தார். எஃப்.சி.க்குப் போய் நின்றது, சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வந்தது. கதவுக் கீலை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியை மாற்றித் தரச் சொன்னேன். மாற்றினார். பட்டன் பட்டன்தான்... பரவாயில்லை.

பௌர்ணமி வந்தது. காலையிலேயே கொண்டுபோய் வேப்பமரத்தடியில் போட்டேன். இளநீர்க்காரன் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனான். அண்டாவில் ஆவி கிளம்பியது. விபூதிக் கையோடு வருகிறவர்கள் புதுப் பெயிண்டில் கையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா குழந்தையை பானெட் மேல் உட்கார வைத்து போட்டோ எடுத்தாள். எல்லாம் வழக்கப்படி நடந்தது. ஏகாம்பரம்தான் வரவில்லை.

நான் கடை போட்ட நாளிலிருந்து அவன் வராத பௌர்ணமி கிடையாது. பொட்டலம் கட்டுகிறேன் என்று வந்து பக்கத்தில் உட்காருவான். கட்டுவது கம்மி, தின்பது ஜாஸ்தி. தோலை அப்படியே காலடியில் போடுவான். மாசாமாசம் அதற்குத் திட்டுவேன். இந்தத் தடவை என் பக்கத்தில் இரண்டு ஆள் இடம் சும்மா கிடந்தது. கீழே ஒரு தோல் இல்லை. காலைத் தொங்கப் போட்டு ஆட்டிப் பார்த்தேன். பார்த்து எரிவதற்கு ஆள் இல்லாமல் காலை ஆட்டி என்ன செய்ய?

போன் போட்டால் எடுப்பதில்லை. வசந்தா எடுத்து, "கொல்லைக்குப் போயிருக்காரு மாமா" என்கிறாள். எங்கள் பக்கம் கொல்லை என்றால் நிலம். அவன் குரல் பின்னால் கேட்கிறது.

பழசை வைத்துக்கொள்வதா, கழிப்பதா என்று யாராவது குழம்பினால் ஒரு வழி இருக்கிறது. அடுத்தவன் ஒருவனை அதில் ஏற்றி உட்கார வைத்து, கதவைச் சாத்தச் சொல்லி, நீங்கள் வெளியே நின்று பாருங்கள். வயிறு சும்மா இருந்தால் விற்றுவிடலாம். எனக்கு அது சும்மா இருக்கவில்லை. ஆனால் வண்டி மிஞ்சியது, சகலை போய்விட்டான். அந்தக் கணக்கு மட்டும் எனக்குச் சரிப்படவில்லை.

அதனால் ஓர் உதவி. அவன் பத்திரிகை படிக்கிறவன் இல்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள், டீக்கடையிலோ மல்லாட்டை மண்டியிலோ ஏகாம்பரத்தைப் பார்த்தால் சொல்லுங்கள். பத்துப் பேர் சொன்னால் வெட்கப்பட்டாவது வருவான். அடுத்த பௌர்ணமிக்கு அவன் வண்டியைக் காலையிலேயே கொண்டுவரட்டும். வேப்பமரத்தடியில் நான் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன், இரண்டு வண்டிக்கு இடம் ஆகும். அடுப்பும் அண்டாவும் அவன் வண்டியில்தான் ஏறும்.

ஏற்றும்போது பெயிண்டில் கோடு விழுமே என்று பயப்படுவான். பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்... முதல் கோட்டை நானே போட்டுத் தருகிறேன். எனக்கும் ரொம்ப நாள் ஆசை.